காசு கட்டிப் படித்த பள்ளிக்கூடம்

எங்கள் கூட்டாளி செற்றில் எல்லோருக்கும் இப்போது வாசிப்புக் கண்ணாடி வந்துவிட்டது. படியேறினால் முழங்கால் சத்தம் போடுகிறது. சின்ன வயதில் சுவிசுக்குக் கொண்டுவரப்பட்டு, தாய் தகப்பனுக்கு டாக்குத்தரிடமும் கந்தோர் அலுவல்களிலும் மொழிபெயர்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். சந்தித்தால் இப்போது கதைப்பது இரண்டே விசயம்: ஒன்று கொலஸ்ட்ரோல், மற்றது பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது. போன கிழமை பிறந்தநாள் வீட்டிலும் அந்தக் கதை வந்தது. கான்ரியா, தனியார் பள்ளிக்கூடமா என்று ஆளாளுக்குக் குரலை உயர்த்தினீர்கள். நான் மூலையில் கதிரையைப் போட்டுக் கட்லட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "என்ன, வாய்க்காரி இண்டைக்கு மௌனவிரதமோ?" என்று உங்களில் ஒருவர் நக்கலும் அடித்தீர்கள். எனக்கு அப்போது கதைக்க வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் வளராத யாரும் இதை வாசித்தால் அவர்களுக்காக ஒரு வரி. இங்கே ஆறாம் வகுப்பு முடிய, நன்றாகப் படிக்கிற பிள்ளை மாநில அரசாங்கம் நடத்துகிற உயர்பள்ளிக்குப் போகலாம். அதைத்தான் கான்ரி என்கிறோம். பல்கலைக்கழகத்துக்கு நேர் வழி அதுதான், கட்டணம் கிடையாது. மற்றப் பிள்ளைகளுக்குச் சாதாரண இரண்டாம்நிலைப் பள்ளி, அது செக். இவை இரண்டையும் விட, காசு கட்டிப் படிக்கிற தனியார் பள்ளிக்கூடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு.

நாங்கள் எம்மன்புரூக்கேயில் இருந்தோம். நாலு மாடிக் கட்டடம், ஆலையிலிருந்து வருகிற இரும்பு மணம், யன்னலைத் திறந்தால் பஸ் நிற்கிற சத்தம். அப்பா ஒரு ரெஸ்ரோறண்டின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டுகிற அளவுக்கு உயர்ந்திருந்தார். அம்மா பின்னேரங்களில் கந்தோர்கள் துப்புரவாக்கப் போவார். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது.

அக்காவுக்குக் கணக்குப் பைத்தியம். பைத்தியம் என்று சும்மா சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது முன்னால் போகிற காரின் இலக்கத் தகட்டைப் பார்த்து, அந்த எண் எந்தெந்த எண்ணால் பிரிபடும் என்று சொல்லிக்கொண்டே வருவாள். ஒன்றாலும் பிரிபடாத இலக்கம் வந்தால் என் கையைப் பிடித்து நசுக்குவாள். அவளுக்கு அது புதையல் கிடைத்த மாதிரி. எனக்குக் கை நோகும், அவ்வளவுதான். சூரிச்சில் கணக்கை மட்டுமே எடுத்துப் படிக்கக்கூடிய பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது என்று அவளுடைய வகுப்பு ஆசிரியர் சொல்லியிருந்தார். படுக்கப் போகும்போது அதைத்தான் எனக்குச் சொல்லுவாள். "முதல்ல கான்ரி. பிறகு சூரிச். பிறகு ஒரே கணக்குத்தான், நீயும் நானும் வேற ஒண்டும் கதைக்கத் தேவையில்லை." நான் ஏன் அந்தத் திட்டத்தில் இருந்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சந்தோசமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் ஆசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சைக்கிளில் வந்தார். தடித்த கம்பளிக் காலுறைக்கு மேல் செருப்புப் போட்டிருந்தார். அப்பா அந்தச் செருப்பைத்தான் முதலில் பார்த்தார். நான் அப்பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் எனக்குத் தெரியும். ஊரில் வாத்தியார் என்றால் மடிப்புக் கலையாத வேட்டியும் சேட்டுமாய் வருகிறவர். இவரோ முழங்கையில் ஒட்டுப் போட்ட சுவெட்டர் போட்டிருந்தார், அம்மா சுட்ட ரோல்ஸைக் கையால் எடுத்து, "இன்னொன்று எடுக்கலாமா?" என்றும் கேட்டார்.

பிறகு கதைக்கத் தொடங்கினார். மொழிபெயர்ப்பு அக்கா. அவர் அக்காவைப் பற்றி நெடுநேரம் கதைத்தார். தன்னுடைய வகுப்புகளில் இப்படி ஒரு பிள்ளையைத் தான் கண்டதில்லை என்றார். தான் ஒரு கணக்குக்கு ஒரு வழி காட்டினால் அவள் அடுத்த நாள் வேறு வழியோடு வருகிறாள் என்றார். கான்ரியில் அவளுக்கு இடம் நிச்சயம், அங்கேதான் அவள் போக வேண்டும், வேறு எங்கு போனாலும் பாவம் என்றார். எனக்கு ஒன்பது வயது, ஆனால் அந்த டொச், அந்த ஜெர்மன் மொழி, எனக்கு முழுதாக விளங்கியது.

அப்பா, "என்னவாம்?" என்று கேட்டார்.

அக்கா மேசைவிரிப்பைப் பார்த்தாள். காது சிவந்துவிட்டது. "நான் பரவாயில்லாமப் படிக்கிறனாம். கான்ரிக்குப் போகலாமாம்," என்றாள்.

இதை வேறு ஆருக்கும் விளங்கப்படுத்துவது கஷ்டம், உங்களுக்கு விளங்கும். தன்னைத் தானே புகழுகிற பிள்ளையை எங்கள் வீடுகளில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவின் முகத்துக்கு நேரே, "நான்தான் இவர் கண்ட பிள்ளையளுக்குள்ள திறமான பிள்ளையாம்" என்று எந்த வாயால் சொல்லுவாள்? வேறொருவர் மொழிபெயர்க்க இருந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் எங்களுக்கு மொழிபெயர்க்க எங்களை விட்டால் ஆளில்லை. அப்பாவின் காதில் விழுந்தது "பரவாயில்லை" மட்டும்தான்.

அப்பா மரியாதையாகத் தலையை ஆட்டினார். "யா, யா, டாங்கே," என்றார். வீட்டுக்கு வந்த வாத்தியாரோடு தர்க்கம் பண்ணுவது எங்கள் வழக்கமில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். கதவைப் பூட்டிவிட்டு அப்பா, "பரவாயில்லையெண்டால் காணாது. நல்ல பள்ளிக்கூடமாப் பார்க்கவேணும்," என்றார்.

அப்பாவுக்கு வேலையும் எங்களுக்குப் பள்ளிக்கூடமும் இல்லாத ஒரு புதன் மத்தியானம் அவர் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பார்க்கப் போனார். முதலில் கான்ரி. சீமெந்துக் கட்டடம். இடைவேளை நேரம். வாசலில் ஒரு பெடியன் தலைமயிருக்குப் பச்சை மை பூசிக்கொண்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். புல்லில் பெட்டையும் பெடியனும் ஒரே குளிர்ச்சட்டைக்குள் படுத்திருந்தார்கள். ஒரு ஆசிரியை படியில் அவர்களோடு சரிசமமாகக் குந்தியிருந்து அப்பிள் தின்றார். அப்பா எங்கள் இரண்டு பேரின் தலையையும் மற்றப் பக்கம் திருப்பினார். "இது பள்ளிக்கூடமோ, சந்தையோ?" என்றார். அக்கா மட்டும் கழுத்தை நீட்டி, கீழ்த்தளத்து யன்னலுக்குள்ளால் தெரிந்த கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் எழுத்தும் எண்ணும் கலந்து கிடந்தன. அப்பா கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் வந்தாள்.

பிறகு மேட்டுப் பக்கம் போனோம். அங்கே பழைய பெரிய வீடு ஒன்று, இரும்புப் படலை, படலைக்கு மேலே சின்னம், இரண்டு பக்கமும் றோசாச் செடி. அதுதான் அந்தத் தனியார் பள்ளிக்கூடம். அதிபர் ரை கட்டியிருந்தார். அப்பாவுக்குக் கை கொடுத்து, பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'ஹெர்' போட்டுக் கூப்பிட்டார், அப்பாவுக்குக் கதிரை இழுத்து விட்டார். குசினியில் அப்பாவை எல்லோரும் பெயரைச் சுருக்கித்தான் கூப்பிடுவார்கள். ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்தான். எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். சுவரில் நீலச் சுவெட்டர் போட்ட பிள்ளைகளின் படம், நெஞ்சில் அதே சின்னம்.

அப்பா ஊரில் ஓட்டைக் கூரைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பட்டணத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் ரையுமாக பஸ்ஸில் போவதை றோட்டில் நின்று பார்த்தவர். அதிபரின் அறையில் அவர் கதிரையின் நுனியில் இருந்து அந்தப் படத்தையே பார்த்தார். அவரின் கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன். இந்தக் காட்சி எனக்கு நினைவில் இருப்பதால்தான் அவரில் முழுதாகக் கோபப்பட என்னால் இன்றுவரை முடியவில்லை.

வீட்டில் அம்மா, "பிள்ளையை ஒருக்காக் கேளுங்கோவன்," என்றார். "பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பணத்துக்காக அப்பா விடியமுன்னம் பேப்பர் போடுகிற வேலையும் எடுத்தார்.

விசயம் ஆசிரியருக்குத் தெரிய வந்தபோது கான்ரிக்குப் பதிகிற காலம் முடிகிற நேரம். ஒரு காலை, பள்ளிக்கூடம் தொடங்க முன்னம், திரும்பவும் சைக்கிளில் வந்தார். உள்ளே வரவில்லை, மூச்சு வாங்க வாசலிலேயே நின்றார். அப்பாவைத் தாண்டி நேரே அக்காவிடம் கேட்டார்: "நீ சொல். உனக்கு எங்கே போக விருப்பம்?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அப்போதுதான் இரண்டாவது வேலை முடித்து வந்திருந்தார், விரல் முழுக்கப் பேப்பர் மை. அக்கா ஆசிரியரிடம், "அப்பா பார்த்த இடத்துக்குத்தான்," என்றாள்.

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? தகப்பனுக்கு முன்னால், ஒரு பிறத்தி ஆளிடம், அந்த வயதில்? அந்த ஆசிரியர் நல்ல மனிதர். ஆனால் எங்கள் பிள்ளை தகப்பனுக்கு முன்னால் சொல்லுகிற பதில் பிள்ளையின் பதில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவர் அக்காவுக்குக் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருசத்து இலையுதிர்காலம் எனக்கு நீல நிறமாகத்தான் ஞாபகம். அந்த நீலச் சுவெட்டர் சுற்றுலாவுக்கும் விழாவுக்கும் மட்டும் போடுகிறது, மற்ற நாளில் பிள்ளைகள் விரும்பியதைப் போடலாம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் அக்கா வெள்ளைச் சேட்டுக்கு மேல் அதைப் போட வேண்டும். அம்மா இரட்டைப் பின்னல் பின்னி, கறுப்பு ரிபன் கட்டி, மடித்துக் கட்டி விடுவார். சுவிஸ் பஸ்ஸில் அக்கா யாழ்ப்பாணத்துக் கொன்வென்ற் பிள்ளை மாதிரி நிற்பாள். அப்பா அவளைப் படலைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினார். அந்தச் சுவெட்டர் கழுத்தில் கடிக்கும். பின்னேரம் வந்து கழற்றும்போது அவளுடைய கழுத்தில் சிவப்பு வளையம் இருக்கும். அம்மா அதற்கு நல்லெண்ணெய் பூசுவார்.

அது கூடாத பள்ளிக்கூடம் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளைகள், ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளைகள், பெரிய வகுப்பில் அழுது தொலைந்து போன பிள்ளைகள் அங்கே வந்தார்கள். அவர்களுக்கு அங்கே பொறுமை கிடைத்தது. பிற்காலத்தில் எங்கள் ஆட்களிலேயே ஒரு பெடியன் அங்கே போய்த்தான் மனிசனானான். அந்த வீட்டுக்காரருக்குத் தங்கள் பிள்ளைக்கு அதுதான் சரியென்று தெரிந்திருந்தது. எங்களுக்கு ஆர் சொல்வது? காசு கட்டுகிற பள்ளிக்கூடம் மேலானது, சும்மா படிப்பிக்கிறது கீழானது என்றுதான் ஊரில் பார்த்திருந்தோம். இந்த நாட்டில் அது தலைகீழ் என்று எம்மன்புரூக்கேயில் இருந்த சுவிஸ்காரர் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அக்கா முதலாம் கிழமையே கண்டுபிடித்துவிட்டாள். அவள் நாலாம் வகுப்பில் செய்த பின்னங்களைத்தான் அங்கே மெதுவாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியை அவளைத் தன்னுடைய மேசைக்குப் பக்கத்தில் இருத்தி, மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். "இண்டைக்கு என்ன படிச்சனி?" என்று அப்பா கேட்டால், "கணக்கு," என்பாள். "கஷ்டமோ?" என்பார். "இல்லை அப்பா," என்பாள். அப்பா அதைக் கேட்டு, "பார்த்தியே, நல்ல பள்ளிக்கூடமெண்டால் கஷ்டமான பாடமும் லேசாகும்," என்று அம்மாவுக்குச் சொல்லுவார்.

அவளுக்கு ஒரு வழி இருந்தது. எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு இத்தாலியக் குடும்பம். அந்த வீட்டுப் பெட்டை அக்காவோடு ஆறாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவள், அவள் கான்ரிக்குப் போய்விட்டாள். கணக்கு அவளுக்கு வேப்பங்காய். ஆகவே இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டார்கள். கட்டடத்துப் பொது மெசினில் எங்கள் வீட்டு உடுப்புத் தோய்க்கிற முறை நாளில் அவள் தன்னுடைய கணக்குப் புத்தகத்தோடு நிலக்கீழ்த் தோய்க்கிற அறைக்கு வருவாள். அக்கா மெசினுக்கு மேல் புத்தகத்தை விரித்து அவளுடைய வீட்டுவேலையைச் செய்து கொடுப்பாள், செய்துகொண்டே அந்த அத்தியாயத்தையும் படித்துவிடுவாள். நான் காவல். அம்மா வந்தால் இருமவேண்டும்.

அந்த அறையில் சவர்க்காரமும் ஈரச் சீமெந்தும் மணக்கும். மெசின் தண்ணீரைப் பிழியத் தொடங்கினால் புத்தகம் நடுங்கும், அக்கா ஒரு கையால் அதை அமத்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எழுதுவாள். அவளுடைய முகம் அப்போது இருந்த மாதிரி நான் பிறகு கண்டதில்லை. கலியாண மேடையிலும் இல்லை, பிள்ளை பிறந்த அன்றும் இல்லை. நான் இதை மிகைப்படுத்தவில்லை. பங்குனி மாதமளவில் அந்தப் பெட்டைக்குக் கான்ரியில் புதுக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். கணக்குக்கு அவளுடைய தகப்பன் ஒரு மாணவனைப் பிடித்து விட்டார். ஒரு நாள் அக்கா உடுப்புக் கூடையோடு காத்திருந்து, மெசின் முடிந்து, எல்லாவற்றையும் காயப்போட்டுவிட்டு மேலே வந்தாள். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்குப் பிறகு தோய்க்கிற நாளில் அவள் கீழே போகவில்லை, என்னை அனுப்பினாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின நத்தாரை, கிறிஸ்மஸைப் பற்றி. அப்பாவின் ரெஸ்ரோறண்டில் நத்தாருக்கு முந்தின ஒரு ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டு, வேலைக்காரரின் குடும்பங்களுக்கு முதலாளி மத்தியானச் சாப்பாடு வைப்பார். அந்த முறை அப்பா அக்காவை நீலச் சுவெட்டர் போட வைத்தார். கோட்டைக் கழற்று, கோட்டைக் கழற்று என்று வாசலிலேயே சொன்னார், சின்னம் தெரியவேண்டுமே.

முதலாளியின் மனைவி எங்கள் மேசைக்கு வந்தார். அன்பான மனிசி. அக்காவின் நெஞ்சில் இருந்த சின்னத்தைப் பார்த்தார். அவருடைய முகம் இளகியது. குனிந்து, அக்காவின் கையைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, சுத்தமான டொச்சில் கதைத்தார். அதுவரை எல்லோரோடும் இங்கத்தைய பேச்சுமொழியான சுவிஸ் டொச்சில் படபடவென்று கதைத்துக்கொண்டிருந்தவர். "நீ அங்கேயா படிக்கிறாய்? நல்லது, நல்லது. பயப்படாதே. எல்லோரும் ஒரே வேகத்தில் படிக்க வேண்டும் என்றில்லை. என் சகோதரியின் மகனுக்கும் தலையில் ஒன்றும் ஏறவில்லை. அங்கே போய்த்தான் வாசிக்கப் பழகினான்." பிறகு அக்காவின் பின்னலைத் தடவி, "உனக்கும் எல்லாம் சரியாகும்," என்றார்.

அக்கா நன்றி சொன்னாள். நல்ல சுவிஸ் டொச்சில் சொன்னாள். "எவ்வளவு அழகாகக் கதைக்கிறாய்!" என்று அந்த மனிசி வியந்தார்.

அப்பா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றிரண்டு சொல் பிடிபட்டிருந்தது. "என்னவாம் பிள்ளை? பள்ளிக்கூடத்தைப் பற்றியோ?"

"ஓம் அப்பா. நல்ல பள்ளிக்கூடமாம். அவவின்ர பெறாமகனும் அங்கதான் படிச்சவராம்."

அப்பா எழும்பியே விட்டார். அந்த மனிசியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "முதலாளி வீட்டுப் பிள்ளை படிச்ச இடமடி!" என்று அம்மாவிடம் சொன்னார். பக்கத்து மேசையில் இருந்த போர்த்துக்கேயக் குசினிக்காரனிடமும் சைகையால் சொன்னார். அவனும் தட்டிக் கொடுத்தான். நான் வாயைத் திறக்கப் போனேன். மேசைக்குக் கீழே அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் முன்னுக்கு இருந்தார்கள். அக்கா என் காதில், அவர்களுக்கு விளங்காத சுவிஸ் டொச்சில், "ஒருநாளும் சொல்லாதே," என்றாள். "ஏன்?" என்றேன். அவள் முன்னால் இருந்த அப்பாவைக் காட்டினாள். இரண்டு வேலைக் களைப்பில் அவர் யன்னல் கண்ணாடியில் தலை முட்ட நித்திரையாகிவிட்டார். நித்திரையிலும் முகத்தில் சிரிப்பு இருந்தது. அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எத்தனையோ கார் முந்திப் போனது, அவள் ஒரு இலக்கமும் வாசிக்கவில்லை.

பிறகு நடந்தது கொஞ்சம்தான். அக்கா அங்கே படித்து வர்த்தகச் சான்றிதழ் எடுத்தாள். அதை வைத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாது. ஓல்டனில் ஒரு களஞ்சியக் கொம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை கிடைத்தது, இன்றைக்கும் அங்கேதான். நல்ல மனிசன், ஒரு மகன், சொந்த வீடு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. என்னை அப்பா காசு போதாமல் சாதாரண செக்கில் விட்டார். "சின்னவளுக்கு இது காணும்," என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். அந்தச் சும்மா பள்ளிக்கூடத்தில் இருந்து நான் தொழில் பழகி, இரவுப் படிப்புப் படித்து, இப்போது பாலங்களுக்குப் படம் வரைகிற பொறியியலாளராக இருக்கிறேன். எனக்குக் கணக்கு அவ்வளவு வராது என்பது உங்களுக்குத் தெரியும். என் சான்றிதழ் அப்பா வீட்டுச் சுவரில் இல்லை. அக்காவின் நீலச் சுவெட்டர் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.

முப்பது வருசத்துக்கு மேலாக அக்கா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா போய்விட்டார். அப்பாவுக்கு எண்பது ஆகிறது. எங்கே போனாலும், "என்ர மூத்தவ காசு கட்டிப் படிச்சவ," என்று அவர் தொடங்கினால் அக்கா சிரித்துக்கொண்டே எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுவாள்.

இந்த வைகாசியில் ஒரு கலியாண வீடு. உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். எங்கள் மேசையில் ஊரிலிருந்து பிந்தி வந்த ஒரு இளம் சோடி இருந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு மகள், மெலிந்த பிள்ளை, சாப்பிடாமல் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தது. கான்ரிக்குப் போகலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். ஆனால் தனியாரில் விட்டால் இன்னும் நல்லமோ என்று யோசிக்கிறார்களாம். "ஐயா பழைய ஆள், நீங்கள் சொல்லுங்கோ," என்று அந்தத் தகப்பன் அப்பாவைக் கேட்டார்.

அப்பா நிமிர்ந்து இருந்தார். "கடன்பட்டாலும் தனியாரில விடுங்கோ. என்ர மூத்தவ..."

"வேண்டாம்," என்றாள் அக்கா.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மெலிந்த பிள்ளை புத்தகத்திலிருந்து நிமிர்ந்தது. அக்கா அந்தச் சோடியைப் பார்த்துச் சொன்னாள்: "கான்ரிக்கு விடுங்கோ. தனியார், படிக்கக் கஷ்டப்படுற பிள்ளையளுக்கு நல்ல இடம். உங்கட பிள்ளைக்கு அது இடமில்லை. எனக்கும் இருக்கேல்லை."

அப்பா அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இல்லையென்று சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பிறகு அந்தத் தகப்பனிடம், "பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோ. அவதான் படிச்சவ," என்று சொல்லிவிட்டு, முன்னால் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

பொழுது சாயமுதல் வெளிக்கிட்டோம். நான் கார் ஓடினேன். அப்பா முன்னுக்கு, அக்கா பின்னுக்கு. நெடுஞ்சாலையில் ஏறினோம்.

"எப்பயிருந்து தெரியும் உனக்கு?" என்றார் அப்பா, திரும்பாமல்.

"முதல் கிழமையே சந்தேகம், முதல் நத்தாரில நிச்சயம். உங்கட ரெஸ்ரோறண்டுச் சாப்பாட்டில."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்லுறது அப்பா? விடிய முன்னம் எழும்பிப் பேப்பர் போடப் போறனீங்கள்."

அப்பா வேட்டியை முழங்காலில் இழுத்து இழுத்து விட்டார். அவர் அழுகிறாரோ என்று நான் பார்க்கவில்லை. றோட்டைப் பார்த்து ஓடினேன்.

பிறகு வேட்டியை விட்டுவிட்டு, "பெரியாக்களுக்கும் இருக்காமே," என்றார். "வேலை செய்துகொண்டும் கான்ரிப் படிப்புப் படிக்கலாமாம். இப்ப போகேலாதோ பிள்ளை? காசை நான் கட்டுறன். பென்சனில மிச்சம் இருக்கு."

அக்கா பின்னால் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கான்ரிக்குக் காசில்லை, அப்பா," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அப்பவும் இருக்கேல்லை."

"தெரியும்," என்றார் அப்பா. "அகதியா வந்த எங்களுக்கு, நல்லதை ஆர் சும்மா தருவினமெண்டு நினைச்சன்."